வாயிற்புறத்து மாணவர்

தொலைநோக்கியால் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டறிந்த கலிலியோவை அனைவரும் அறிவர். அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது மருத்துவம் பயில்வதற்கே என்பது பலரும் அறியாதது.

கலிலியோ 1564ஆம் ஆண்டு இத்தாலியின் பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ, லூட் என்னும் நரம்பிசைக்கருவியை இசைப்பதில் வல்லவர். இசைக்கோட்பாட்டு நூல்கள் இயற்றியவர். ஆயினும் புகழுக்கேற்ற பொருள் அவரிடம் இல்லை. அக்குடும்பத்தின் முன்னோர் ஒருவர், அவர் பெயரும் கலிலியோவே, புளோரன்சு நகரில் சிறந்த மருத்துவராக விளங்கியவர். மூத்த மகனும் மருத்துவனானால் குடும்பம் தழைக்கும் எனத் தந்தை எண்ணியதில் வியப்பில்லை. 1581இல் கலிலியோ பைசா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை ஓதுவதே அங்குக் கல்வி. அதில் அவர் மனம் ஒன்றவில்லை.

டஸ்கனி நாட்டு அரசவை குளிர்காலத்தில் பைசாவிற்கு வந்து தங்குவது வழக்கம். அவைக் கணித ஆசிரியர் ஒஸ்திலியோ ரிச்சி, 1583இல் அரசவை இளைஞர்களுக்கு யூக்ளிடின் வடிவியலைக் கற்பித்தார். வெளியாருக்கு அங்கு இடமில்லை. கலிலியோ கதவருகே நின்று அப்பாடங்களைக் கேட்டார் என்பர். பின்னர்த் தம் ஐயங்களை ரிச்சியிடமே கேட்கத் தொடங்கினார். கேள்விகளின் கூர்மையிலிருந்தே மாணவரின் திறத்தை ரிச்சி உணர்ந்துகொண்டார்.

ரிச்சி வின்சென்சோவின் நண்பருமாவார். அவர் நேரில் சென்று, மகனின் நாட்டம் கணிதத்திலேயே உள்ளது என எடுத்துரைத்தார். தந்தை கணிதத்தை வெறுத்தவர் அல்லர். நரம்பின் இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை எடைகளைத் தொங்கவிட்டு ஆராய்ந்தவர் அவர். அவரது அச்சம் மகனின் பிழைப்பைப் பற்றியதே. இறுதியில் அரைமனத்துடன் இசைந்தார். ஆனால் அவ்விசைவு மகனுக்குத் தெரியலாகாது என வேண்டினாராம். அதை அறியாத மகனோ, தந்தை வரும்போதெல்லாம் கேலனின் நூலை எடுத்து யூக்ளிடை மறைத்தார் என்று அவர்தம் மாணவர் விவியானி எழுதிய வரலாறு கூறுகிறது. ரிச்சி அவருக்கு ஆர்க்கிமிடீசின் நூல்களையும் அறிமுகப்படுத்தினார்.

1585இல் கலிலியோ பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். நான்காண்டுகள் புளோரன்சிலும் சியனாவிலும் தனிப்பாடம் கற்பித்தார். பொலோனாப் பல்கலைக்கழகப் பணிக்கு முயன்றார். அது வேறொருவருக்குச் சென்றது. 1589இல், தாம் பட்டமின்றி நீங்கிய பைசாவிலேயே கணிதப் பேராசிரியரானார். ஆண்டூதியம் 60 ஸ்கூடி. மருத்துவப் பேராசிரியர் பெற்றதோ அதனினும் பன்மடங்கு. தந்தையின் அச்சம் வீணானதன்று.

1591இல் தந்தை மறைய, குடும்பப் பொறுப்பும் தங்கையின் சீதனக் கடனும் மூத்த மகன்மேல் விழுந்தன. மறுஆண்டு கூடுதல் ஊதியத்தில் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கச் சென்றார். பதினெட்டு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அங்கு அவரிடம் யூக்ளிடும் வானியலும் பயின்றோருள் பலர் மருத்துவ மாணவர்கள்.