இரமணரின் தோழர்கள்

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்புறத்தே அடி அண்ணாமலை என்னும் ஊரைக் காண்பர். ஆங்கும் ஈசனுக்குக் கோயில் ஒன்று உண்டு. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வலப்பாதையில் 1926ஆம் ஆண்டு வரையில் ஒரு முனிவர் பன்முறை நடந்து சென்றார். அவர் நடை மிக மெதுவானது. இடையில் ஒரு கோவணமும், கையில் கமண்டலமும் கோலுமே அவருடைய உடைமைகள். அவரே இரமண மகரிஷி.

பாண்டிய நாட்டுத் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். பதினாறாம் வயதில், மதுரையில் கல்வி பயின்றுகொண்டிருந்த காலத்தில், வீட்டை விட்டு நீங்கி 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையை அடைந்தார். அதன்பின் அவ்வூரை விட்டு ஒருநாளும் நீங்கினாரல்லர். அவருடைய ஞானத்தைப் பற்றிப் பெரியோர் பலர் எழுதியுள்ளனர். நாம் ஈண்டுக் காணப்போவது அவருடைய தோழர்களை.

விலங்குகளும் பறவைகளும் அஃறிணை என்று நாம் இலக்கணத்தில் படிக்கிறோம். இரமணரோ அவற்றை அது என்றும் அவை என்றும் கூறார். அவன் என்றும் அவள் என்றுமே கூறுவார். ஆசிரமத்து நாய்களைக் குழந்தைகள் என்பார். அவர்களுக்கு உணவு ஆயிற்றா என்று கேட்டறிவார். உவப்பு மிகுதியால் ஒருவர் தம் பசுவை அம்மை என்று அழைத்தால் இலக்கண நூலார் அதனை வழுவமைதி என்று ஏற்பர். ஆனால் இரமணரிடம் அஃது ஒருபொழுதைய உவப்பன்று, வாழ்நாள் வழக்கமாகும். நாமும் இனி அவ்வாறே கூறுவோம்.

அவர் விரூபாட்சி குகையில் வாழ்ந்த நாளில், குரங்குக் கூட்டத்தின் தலைவன் ஒரு குட்டியைக் கடித்துக் குற்றுயிராக்கிக் குகையருகே விட்டுச் சென்றான். இரமணர் அவனைப் பேணிப் பிழைப்பித்தார். கால் ஊனமுற்றமையால் அவனுக்கு நொண்டி என்னும் பெயர் வழங்கலாயிற்று. மனிதர் கைப்பட்ட குட்டியைக் குரங்குகள் மீளச் சேர்த்துக்கொள்வதில்லை என்பர். அக்கூட்டமோ சில நாள்களில் வந்து அவனை அழைத்துச் சென்றது. எனினும் அவன் அடிக்கடி வந்து முனிவரின் மடியில் அமர்வான். இலையில் இட்ட சோற்றில் ஒரு பருக்கையும் சிந்தாமல் உண்பான். ஒருநாள் ஏனோ உணவைச் சிந்தினான்; இரமணர் கடிந்துகொண்டார். உடனே அவன் அவருடைய கண்ணுக்கு மேலே அடித்துவிட்டான்! அதற்குத் தண்டனையாகச் சில நாள் மடியேற அவனுக்கு இசைவில்லை. அவன் கெஞ்சிக் குழைந்து மீண்டும் தன் இடத்தைப் பெற்றான். பிற்காலத்தில் அந்நொண்டியே அக்கூட்டத்திற்கு அரசனும் ஆனான்.

ஒருமுறை இரமணரும் அன்பர்களும் அடி அண்ணாமலையைக் கடந்து பச்சையம்மன் கோயில் அருகே வந்தபோது பசியாலும் நீர்வேட்கையாலும் களைத்தனர். அப்பொழுது குரங்குகள் வழியோரத்து அத்தி மரத்தில் ஏறிக் கிளைகளை உலுக்கின. பாதையெங்கும் பழங்கள் உதிர்ந்தன. தாம் ஒன்றையும் தின்னாமல் அவை ஓடி மறைந்தன.

மற்றொரு நாள் மலைப்புதர் வழியே செல்கையில் அவருடைய தொடை ஒரு குளவிக் கூட்டின்மேல் இடித்துவிட்டது. குளவிகள் அக்காலையே சூழ்ந்து கொட்டின. கூட்டைக் கலைத்த கால் தண்டனை பெறட்டும் என்று கருதியவராய், அவை ஓயுமட்டும் அவர் அசையாது நின்றார். கால் வீங்கிற்று. நம்மில் எவரேனும் ஓடாமல் நிற்போமோ?

1922ஆம் ஆண்டு அன்னையார் அழகம்மாள் மறைந்தபின், அவர் சமாதி அமைந்த மலையடிவாரத்தில் ஆசிரமம் தோன்றியது. 1926ஆம் ஆண்டு அன்பர் ஒருவர் ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்தார். காப்பதற்கு ஆள் இல்லை என்று இரமணர் முதலில் தயங்கினார். பின்னர் அவற்றை நகரத்திலுள்ள ஒருவர் வீட்டில் விட்டனர். ஒருநாள் அவர் அவற்றை ஆசிரமத்துக்கு அழைத்து வந்தார். அன்று வழியறிந்த கன்று இலட்சுமி, மறுநாள் முதல் தானே ஆசிரமத்துக்கு வருவதும் மாலையில் திரும்புவதுமாக இருந்தாள். பின்பு அங்கேயே நிலையாகத் தங்கினாள். பெரிய கோசாலை கட்டி முடித்துப் புகுவிழா நடந்த நாளில் அவள் நேரே முனிவரின் கூடத்துக்குள் வந்து நின்றாள். அவரும் எழுந்து அவளுடன் சென்றார்.

1948ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை, இலட்சுமி இறக்கும் நிலையில் கிடந்தாள். இரமணர் அருகே அமர்ந்து அவள் தலைமேல் கைவைத்து ஆறுதல் கூறினார். அவள் அமைதியாக உயிர் நீத்தாள். ஆசிரம வளாகத்தில் மான், காகம், நாய் ஆகியோரின் சமாதிகளுக்கு அருகே அவளை அடக்கம் செய்தனர். அவள் முத்தி பெற்றாள் என்று இரமணரே ஒரு வெண்பா இயற்றினார். மனிதர்க்குச் சொல்லும் சொல்லை ஆவுக்கும் சொன்னார்.

அவ்வாண்டின் இறுதியில் அவருடைய இடக்கையில் ஒரு கட்டி தோன்றியது. அது கொடிய புற்றுநோயாய் வளர்ந்தது. நான்கு முறை அறுவை செய்தும் பயனில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு அவர் உடலை நீத்தார். அதற்கு முந்தைய இறுதி நாள்களில், கூரைமேல் ஒரு மயில் அகவும் ஒலி நோயறையில் கேட்டது. வலியால் வருந்திக் கிடந்த அம்முனிவர், மயிலுக்கு இரை வைத்தாயிற்றா என்று தொண்டரைக் கேட்டார்.