கல்லூரியைக் காத்த பழைய மாணவர்

பழைய மாணவர் தம் கல்லூரிக்குச் செய்த தொண்டுகளை எண்ணுமிடத்து, தானியல் வெப்ஸ்ரரை நாம் மறத்தல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் 1782இல் உழவர் குடியொன்றிற் பிறந்த இவர், டாட்மத் கல்லூரியிற் பயின்று 1801இல் பட்டம் பெற்று, பின் வழக்கறிஞரானார்.

1816இல் மாநில அரசு சட்டமொன்று இயற்றி, தனியார் அறநிலையமாயிருந்த அக்கல்லூரியைத் தன் ஆட்சிக்குட்பட்ட பல்கலைக்கழகமாக்க முனைந்தது. கட்டடங்கள் கைமாறின. ஆயினும் மாணவருட் பெரும்பாலோர் பழைய ஆசிரியரை விட்டகலாது, வேற்றிடங்களிற் கூடிப் பாடங் கேட்டனர். கல்லூரிப் பற்றென்பது இதுவன்றோ! மாநில நீதிமன்றிலே வழக்குத் தோற்றது. 1818 மார்ச்சு மாதம் வெப்ஸ்ரர் வாஷிங்டன் உயர்நீதிமன்றில் நான்கு மணி நேரம் வாதாடினார். (ஊதியம் பெற்றே வாதாடினார், அதனால் அவர் அன்பு குறைந்ததென நாம் கருதோம்.) கல்லூரியின் சாசனம் ஓர் உடன்படிக்கையாதலின் மாநிலம் அதனை மாற்றுதல் ஒண்ணாதென, பிரதம நீதியரசர் மார்ஷல் 1819இல் தீர்ப்பளித்தார். கல்லூரி மீண்டது.

பின்னாளிற் செனற் சபையினராயும் இராசாங்க மந்திரியாயும் விளங்கிய இவர், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்குஞ் சட்டத்தை 1850இல் ஆதரித்துப் பெரும்பழி எய்தினார். அப்பழி தகுந்ததே என்பது நம் துணிபு. 1852இல் மறைந்தார். மாநிலம் தனக்கெனவொரு கல்லூரியை 1866இல் நிறுவியபோது, அது முதலில் அமைந்ததும் டாட்மத் இருந்த ஹனோவர் நகரிலேயே.