ஜன்னல் இருந்தால் போதுமா? நியூயார்க் ஹவுஸ் ஓனர்களோடு மல்லுக்கட்டிய நிருபர் ஜேக்கப் ரீஸின் கதை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள். புரோக்கர் பெட்ரூம் கதவைத் திறந்து காட்டுகிறார். ஜன்னல் இருக்கிறது. திறந்து பார்த்தால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் எதிர் சுவர். ஜன்னல் இருக்கிறதா என்றால் இருக்கிறது. வெளிச்சம் வருமா என்றால் வராது. இந்த வித்தியாசத்தைச் சட்டத்தில் சரியாக எழுத நியூயார்க்குக்கு 34 வருடம் பிடித்தது. அதில் 24 வருடம், அந்த நகரத்து ஏழைகளின் வீடுகளுக்குள் ராத்திரி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொண்டே இருந்தவர் ஜேக்கப் ரீஸ்.

மீடியா படித்தவர்களுக்கு இவர் பெயர் ஒரு ஸ்லைடில் வந்து போயிருக்கும்: ஃபிளாஷ் போட்டோகிராபி முன்னோடி, அவ்வளவுதான். ஆனால் இவர் கதையில் கேமராவைவிட முக்கியமான விஷயங்கள் ஜன்னல், தண்ணீர்க் குழாய், கழிப்பறை.

லாக்கெட்டும் நாய்க்குட்டியும்

1849 மே 3-ம் தேதி டென்மார்க்கின் ரீபே என்ற சின்ன ஊரில் பிறந்தார் ரீஸ். அப்பா பள்ளி ஆசிரியர், உள்ளூர் பத்திரிகைக்கும் எழுதுவார். மகன் படிப்பில் பெரிய நாட்டம் காட்டாமல் கோபன்ஹேகனில் தச்சு வேலை கற்றுக்கொண்டார். ஊரில் எலிசபெத் என்ற பெண்ணைக் காதலித்தார். அவர் மறுத்துவிட்டார். மனம் உடைந்த ரீஸ் 1870-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 21.

போன இடத்தில் நிலையான வேலை இல்லை. தச்சு வேலை, செங்கல் சூளை, பண்ணை வேலை என்று கிடைத்ததைச் செய்தார். பல நாள் சாப்பாடே இல்லை. தங்க இடமில்லாதவர்கள் ராத்திரி படுத்துக்கொள்ள நியூயார்க் போலீஸ் நிலையங்களில் அறைகள் இருந்தன. அங்கே படுக்கை கிடையாது, வெறும் பலகைதான். ஒரு மழை இரவில், தன் பின்னாலேயே வந்த தெருநாய்க்குட்டியை வெளியே விட்டுவிட்டு, சர்ச் தெரு போலீஸ் நிலையத்தில் போய்ப் படுத்தார். காலையில் எழுந்து பார்த்தால், கழுத்தில் போட்டிருந்த தங்க லாக்கெட்டைக் காணோம். புகார் சொல்லப் போனவரையே திருடன் என்று நினைத்து வெளியே தள்ளினார்கள். வாசலில் காத்திருந்த நாய்க்குட்டி போலீஸ்காரர் காலைக் கடித்தது. அவர் அதைப் படிக்கட்டில் அடித்தே கொன்றுவிட்டார்.

ரீஸ் இதை மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, நகரப் போலீஸ் வாரியத்தின் தலைவராக இருந்த ஒருவரை அதே நிலையத்துக்கு நள்ளிரவில் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. 1896-ல் போலீஸ் நிலையத் தங்கும் அறைகள் மூடப்பட்டன.

நடுவில் வாழ்க்கை கொஞ்சம் திரும்பியிருந்தது. சின்னச் சின்னப் பத்திரிகை வேலைகள் கிடைத்தன. மறுத்த எலிசபெத்தே கடைசியில் சம்மதிக்க, 1876-ல் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். 1877-ல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் போலீஸ் நிருபர் வேலை. மல்பெரி தெருவில் போலீஸ் தலைமையகத்துக்கு எதிரிலேயே ஆபீஸ்.

சட்டத்தை ஏமாற்றிய கட்டடம்

இங்கே கொஞ்சம் நின்று அந்த வீடுகளைப் பார்த்துவிடலாம். கதையே அங்கேதான் இருக்கிறது.

நியூயார்க்கில் டெனமென்ட் என்பார்கள். நம் ஆட்களுக்குச் சொன்னால், மாடி மாடியாக அடுக்கிய ஒண்டுக்குடித்தனம். 1867-ல் வந்த முதல் சட்டம், தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மூன்று குடும்பங்களுக்கு மேல் வாடகைக்கு இருக்கும் வீடு எல்லாம் டெனமென்ட் என்றது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தீ விபத்தில் தப்பிக்க வழி, அறைகளுக்குக் காற்று வர ஏற்பாடு என்று கேட்டது. ஓனர்கள் என்ன செய்தார்கள்? உள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஒரு ஓட்டை போட்டு அதையும் காற்றுவழிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

1879-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜன்னல் வெளிக்காற்றைப் பார்த்துதான் இருக்க வேண்டும் என்று வந்தது. அதே சமயத்தில் பிளம்பிங் தொழில் பத்திரிகை ஒன்று நல்ல டெனமென்ட் டிசைனுக்குப் போட்டி வைத்தது. ஜெயித்த டிசைன் மேலிருந்து பார்த்தால் டம்பெல் மாதிரி இருக்கும். 25 அடி அகலம், 100 அடி நீள மனையில் கட்டடம் முன்னும் பின்னும் அகலமாக இருந்து, நடுவில் மட்டும் லேசாக உள்வாங்கும். பக்கத்து மனையிலும் அதே மாதிரி கட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷாஃப்ட் கிடைக்கும். அகலம் பெரும்பாலும் 28 அங்குலம்தான். ஒரு மாடிக்கு 14 அறைகள். தெருவையோ பின்முற்றத்தையோ நேராகப் பார்த்த அறைகள் அதில் நான்கு. மிச்சப் பத்தும் ஷாஃப்டைப் பார்த்தவை.

சட்டப்படி எல்லாமே கரெக்ட். ஜன்னல் இருந்தது. ஆனால் அந்த ஷாஃப்டில் குப்பை விழுந்து தங்கியது, நாற்றம் எல்லா மாடிக்கும் ஏறியது, தீப்பிடித்தால் புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுத்தது. உயிரைக் காக்க எழுதிய விதியே ஆளைக் கொல்லும் டிசைனாக மாறியது. ஓனர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று சொல்ல வரவில்லை. பலர் கடன் வாங்கிக் கட்டிய சின்ன ஆட்கள். சட்டம் எதைக் கேட்டதோ அதை மட்டும், மிகக் குறைந்த செலவில் கொடுத்தார்கள்.

வாணலியில் ஃபிளாஷ்

சுகாதாரத் துறை ஆட்கள் நடுராத்திரி சோதனைக்குப் போகும்போது ரீஸும் கூடவே போவார். 13 அடிகூட இல்லாத ஒரு அறையில் 12 பேர் படுத்திருந்ததைப் பார்த்தார். ஆளுக்கு இரவு வாடகை 5 சென்ட். எழுதினார். யாரும் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை.

1887-ல் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஜெர்மனியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருட்டிலும் போட்டோ எடுக்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அமெச்சூர் போட்டோகிராபர் நண்பர்களைக் கூட்டிப் போனார். நடுராத்திரி சேரிச் சுற்று அவர்களுக்குச் சரிப்படவில்லை. 1888-ல் 25 டாலர் கொடுத்துத் தானே கேமரா வாங்கினார். பொடியைக் கொளுத்த முதலில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. தூக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் அதை நீட்டினால் என்ன ஆகும்? அலறி ஓடினார்கள். அதனால் வாணலியில் பொடியைப் போட்டுக் கொளுத்த ஆரம்பித்தார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டார்.

கட்டுரை, படம் காட்டிச் சொற்பொழிவு, அப்புறம் 1890-ல் புத்தகம். நகரத்தின் மறுபாதி மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைத்தான் தலைப்பாகவே வைத்தார். ரூஸ்வெல்ட் அதைப் படித்துவிட்டு ரீஸைத் தேடி ஆபீஸுக்கே வந்தார் என்பது பிரபலமான கதை.

இந்தப் புத்தகத்தை இன்று படித்தால் நெருடும். இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர், சீனர் என்று இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தை ஒட்டிவைக்கிறார். சீனர்களைப் பற்றி எழுதியது படுமோசம். தூங்குகிறவர்களிடம் கேட்காமல் கதவைத் திறந்து முகத்தில் ஃபிளாஷ் அடித்ததற்கும் நியாயம் சொல்ல முடியாது. தானும் அகதி மாதிரி வந்து இறங்கியவர்தானே என்று தோன்றுகிறது. ஆனால் அந்த நினைவு எல்லா இடத்திலும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

நல்ல ஓனர் போதுமா?

தீர்வு என்று ரீஸ் முதலில் நம்பியது சட்டத்தை மட்டும் அல்ல, மனசாட்சியுள்ள பணக்காரர்களையும்தான். புரூக்ளினில் ஆல்பிரட் வைட் என்பவர் நல்ல காற்றோட்டமான வாடகைக் குடியிருப்புகள் கட்டி, வருடத்துக்குச் சுமார் 5 சதவீத லாபம் போதும் என்று நடத்தினார். ரீஸ் அதைத் தூக்கிவைத்துப் பேசினார். பிரச்னை என்னவென்றால், இன்னும் அதிக லாபம் எடுக்க முடியும் என்கிற ஊரில் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆட்கள் ரொம்பக் கம்மி.

மனசாட்சியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. குடியிருக்கும் ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் வசதி வேண்டும் என்று 1887-ல் விதி வந்தது. நகரத்தின் பெரிய நில உரிமையாளர்களில் ஒன்றான டிரினிட்டி தேவாலயம் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. 1895-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவாலயத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நியாயமான அளவுக்குள் இருந்தால், பொதுச் சுகாதாரத்துக்காக ஓனரைச் செலவு செய்ய வைக்கலாம். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்.

இதே வருடங்களில்தான் மல்பெரி பெண்டும் போனது. ரீஸ் பல வருடம் எழுதி எழுதியே இடிக்க வைத்த, நகரத்தின் மிக மோசமான வளைவுத் தெரு அது. நகராட்சி அந்த வீடுகளை வாங்கிய பிறகும் உடனே இடிக்கவில்லை. கொஞ்ச காலம் தானே ஓனராக உட்கார்ந்து வாடகை வசூலித்தது! 1897-ல் அங்கே பூங்கா திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு ரீஸுக்கு அழைப்பு இல்லை. அவரே போய்க் கூட்டத்தில் நின்றார். புதுப் புல்லில் ஒருமுறை கால் வைத்ததற்காக அங்கிருந்த போலீஸ்காரரிடம் பிரம்படி வேறு வாங்கினார்.

1901

புதிய சட்டத்தை எழுதியது ரீஸ் இல்லை. லாரன்ஸ் வெய்லர் என்ற இளைஞர். ரீஸ் உணர்ச்சியைக் கிளப்புபவர் என்றால் இவர் அளவு நாடா ஆள். 1900-ல் வெய்லர் ஒரு கண்காட்சி வைத்தார். நிஜமான ஒரு பிளாக்கை அப்படியே அட்டையில் மாடல் செய்து, எந்த வீட்டில் காசநோய் வந்தது என்று மேப் போட்டுக் காட்டினார். அப்போது மாநில ஆளுநர் ரூஸ்வெல்ட். ஒரு கமிஷன் அமைந்தது. அன்றைக்கு நகரத்தின் 34 லட்சம் பேரில் சுமார் 23 லட்சம் பேர், 80,000-க்கும் அதிகமான டெனமென்ட்களில் இருந்தார்கள்.

1901 ஏப்ரலில் வந்த சட்டம் இந்த முறை ஓட்டை விடவில்லை. புதுக் கட்டடம் என்றால் சாதாரண மனையில் 70 சதவீதம் வரைதான் கட்டலாம். உயரம், எதிரே உள்ள தெரு அகலத்தின் ஒன்றேகால் சொச்சம் மடங்குக்குள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை. ஷாஃப்ட் கிடையாது, அளவு குறித்த முற்றம்தான், எல்லா அறை ஜன்னலும் அதையோ தெருவையோ பார்க்க வேண்டும். டம்பெல் டிசைன் அதோடு செத்தது.

பழைய கட்டடங்களுக்குச் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். இரண்டு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. இருட்டு அறைக்கு ஜன்னல் வெட்டு. ராத்திரி படிக்கட்டில் விளக்கு. கூரை ஒழுகக்கூடாது. எட்டுக் குடும்பத்துக்கு மேல் இருந்து ஓனர் அங்கே குடியில்லை என்றால் ஒரு பராமரிப்பு ஆள் வைத்தே ஆக வேண்டும். இதையெல்லாம் நேரில் போய்ப் பார்க்கத் தனித் துறையும் இன்ஸ்பெக்டர்களும் வந்தார்கள். அந்தத் துறை எண்ணத் தொடங்கியபோது ஜன்னலே இல்லாத உள் அறைகள் மூன்றரை லட்சம் என்று கணக்கு வந்தது.

ஓனர்கள் விடவில்லை. அப்போது பல முற்றங்களில் நீளத் தொட்டி மாதிரி பொதுக் கழிப்பறை இருக்கும். எப்போதாவதுதான் அலசி விடுவார்கள். அதை எடுத்துவிட்டு முறையான கழிப்பறை கட்டச் சொன்னதை எதிர்த்து கேட்டி மோஷன் என்ற உரிமையாளர் வழக்குப் போட்டார். சட்டப்படி இருந்ததைத் திடீரென்று தப்பு என்றால் செலவை யார் தருவது என்பது அவர் தரப்பு. யோசித்துப் பார்த்தால் அநியாயமான கேள்வி இல்லை. 1904-ல் மாநில நீதிமன்றத்தில் தோற்றார். 1906-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்.

சட்டத்தால் இடிக்க முடியாதது பழைய கட்டடங்களைத்தான். திருத்தினார்களே தவிர, 28 அங்குல ஷாஃப்டுகள் அப்படியே நின்றன. அந்த வகைக் கட்டடங்கள் சில நியூயார்க்கில் இன்றும் வாடகைக்கு ஓடுகின்றன.

எலிசபெத் 1905-ல் இறந்தார். ரீஸ் 1907-ல் மறுமணம் செய்துகொண்டு, கடைசிக் காலத்தில் மாசசூசெட்ஸில் பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வாங்கிப் போனார். 1914 மே 26-ம் தேதி அங்கே இறந்தார். கல்லறையில் இருப்பது பெயர் எழுதாத ஒரு கருங்கல். போட்டோக்களை அவர் பெரிய கலை என்று நினைத்ததில்லை போல. குவீன்ஸில் அவர் வாழ்ந்த வீட்டில், 1940-களில், அலெக்சாண்டர் ஆலண்ட் என்ற போட்டோகிராபர் விடாமல் கேட்டுத் தேட வைத்ததில்தான் பரணிலிருந்து 400-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. இப்போது அவை நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.