கசிவோடு சண்டை போட்ட தச்சர்: ஜோசப் பிராமா



ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சை எழுதின யாருக்கும் பிராமா பிரஸ் தெரியாமல் இருக்காது. சின்ன சிலிண்டர் ஒண்ணு, பெரிய சிலிண்டர் ஒண்ணு, நடுவுல தண்ணீர். படம் போட்டு, பாஸ்கல் விதியை எழுதி, மார்க் வாங்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருந்தார். காலேஜ் பக்கமே போகாதவர். தச்சு வேலை கற்றவர். பணக்காரர் வீடுகளில் கழிப்பறை மாட்டிக்கொண்டிருந்தவர். இந்த இதழில் அவர் கதைதான்.

ஆனால் அதுக்கு முன்னாடி ஒரு பல் கிளினிக்குக்குள்ள எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம். காரணம் இருக்கு.

தரைக்குக் கீழே என்ன இருக்கு?

பல் டாக்டரோட நாற்காலியை நினைச்சுப் பாருங்க. அதன் அடியில் ஐந்து விஷயங்கள் வந்து சேரணும்: சுத்தமான தண்ணீர் வர ஒரு குழாய், கழிவுநீர் போக ஒரு குழாய், வாயில் சேரும் எச்சிலையும் நீரையும் உறிஞ்ச ஒரு சக்ஷன் லைன், டிரில்லைச் சுழற்ற அழுத்தக் காற்று, அப்புறம் மின்சாரம். இவ்வளவும் தரையில் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாலேயே சரியான இடத்தில் வந்து நிற்கணும். நாற்காலி எங்கே வரும், டாக்டர் எந்தப் பக்கம் உட்காருவார் என்பதை முடிவு பண்ணாமல் குழாய் போட்டுட்டா, அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

இன்னும் இருக்கு. கழிவுக்குழாய்க்குச் சரிவு வேணும், இல்லைன்னா அடைப்பு. சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் இருக்க, வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கணும். தெருக் குழாயில் அழுத்தம் திடீர்னு குறைஞ்சா, கிளினிக்கில் இருக்கிற அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊர்த் தண்ணீரில் கலந்துவிடலாம். அதைத் தடுக்க நடுவில் ஒரு காற்று இடைவெளியோ, திரும்பி ஓடாமல் தடுக்கிற வால்வோ வைக்கணும். பல் அடைக்கிற அமால்கத்தில் பாதரசம் இருப்பதால், அந்தத் துகள்களைப் பிடித்து வைக்க ஒரு பிரிப்பானும் தேவை. சக்ஷன் பம்பு சத்தம் போடும். அதை நோயாளி உட்காரும் அறைக்கு வெளியே தள்ளி வைக்கணும்.

மொத்தத்தில், பல் கிளினிக் பிளம்பிங் என்பது கசிவோடு நடக்கிற சண்டை. நீர், காற்று, நாற்றம் எதுவும் போகக் கூடாத இடத்துக்குப் போகக் கூடாது. பிராமாவின் வாழ்க்கையும் இதே சண்டைதான்.

பண்ணையிலிருந்து லண்டனுக்கு

ஜோசப் பிராமா 1748-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அவரும் ஏர் பிடிக்கப் போகவேண்டியவர்தான். ஆனால் 16 வயதில் காலில் அடிபட்டது. வயல் வேலை இனி முடியாது என்றான பிறகு, உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். பழகி முடித்ததும் லண்டன் போய், மரச்சாமான் செய்கிற வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து லண்டனில் வசதியானவர்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-இல் அதற்கு ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். எஸ் வடிவில் வளைந்த குழாய், அதற்குள் தேங்கி நிற்கிற தண்ணீர், அந்தத் தண்ணீரே நாற்றத்துக்கு மூடி. இன்னைக்கு உங்க ஹாஸ்டல் வாஷ்பேசினுக்குக் கீழே குனிஞ்சு பார்த்தா தெரியற வளைவுக்கும் இதே தத்துவம்தான்.

கம்மிங்கின் வடிவமைப்பில் ஒரு கோளாறு இருந்தது. கிண்ணத்தின் அடியில் இழுத்துத் திறக்கிற தகடு ஒன்றை வால்வாக வைத்திருந்தார். அது சிக்கிக்கொள்ளும், குளிர்காலத்தில் உறைந்தும் போகும். இந்தக் கழிப்பறைகளை வீடு வீடாகப் போய் மாட்டினவர்களில் ஒருவர் நம்ம பிராமா. எங்கே சிக்குது, எங்கே ஒழுகுதுன்னு கையால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டவர்.

தீர்வு எளிமையானது. இழுக்கும் தகட்டுக்குப் பதிலாக, கீல் வைத்த மூடி. நெம்பினால் கீழே திறக்கும், விட்டால் மேலே வந்து இறுக்கமாக மூடும். 1778-இல் பிராமா அதற்குக் காப்புரிமை வாங்கினார். லண்டன் டென்மார்க் தெருவில் பட்டறை போட்டுத் தயாரிக்கத் தொடங்கினார். விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகை வரைக்கும் பிராமா கழிப்பறைகள் போயின.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. அந்தக் கீல் மூடியை முதலில் யோசித்தவர் பிராமா இல்லை, அவர் வேலை பார்த்த முதலாளி ஆலன் என்கிறார்கள். காப்புரிமையில் இருப்பது பிராமா பெயர்.

யாராலும் திறக்க முடியாத பூட்டு

அடுத்து பூட்டு. 1784-இல் பிராமா ஒரு புதுவிதப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சாவி உருளை வடிவம். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். சாவியை அழுத்தினால் பூட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு தகடும் வெவ்வேறு தூரம் நகரும். எல்லாத் தகடும் ஒரே சமயத்தில் சரியான இடத்துக்கு வந்தால்தான் பூட்டு சுழலும். ஒண்ணு கொஞ்சம் பிசகினாலும் அவ்வளவுதான்.

பிக்காடில்லி கடை ஜன்னலில் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, இதைச் சாவி இல்லாமல் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு என்று சவால் பலகை வைத்தார்கள். 1851 வரை ஒருவராலும் முடியவில்லை. அந்த ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ்தான் கடைசியில் திறந்தார். அவருக்கும் 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் தேவைப்பட்டது. ஜன்னலில் நின்று யாராவது அவ்வளவு நேரம் குடைந்தால் திருட்டு நடக்குமா, சொல்லுங்க!

பூட்டு பிரமாதம். ஆனால் தயாரிக்க முடியவில்லை. ஒவ்வொரு தகட்டையும் அரம் பிடித்து ராவிச் செய்தால் நேரமும் ஆகும், ஒன்று போல இன்னொன்று வராது, விலையும் கட்டாது. டிசைன் சரி, புரொடக்ஷன் உதை வாங்குது. ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணினவங்களுக்கு இந்த வலி தெரியும்.

18 வயசுப் பையன்

1789-இல் ஹென்றி மாட்ஸ்லே என்ற பையனைப் பற்றிப் பிராமா கேள்விப்பட்டார். வயது 18. உல்விச் ஆயுதக் கிடங்கில் 12 வயதிலேயே தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போனவன். பிறகு தச்சுப் பட்டறை, அங்கிருந்து கொல்லுப் பட்டறை. இரும்பு அவன் கைக்குப் படிந்து வந்தது.

மாட்ஸ்லே வந்த பிறகுதான் பூட்டுத் தொழில் நிமிர்ந்தது. தகடு வெட்ட ஒரு கருவி, ஸ்பிரிங் சுற்ற ஒரு கருவி என்று, பூட்டைச் செய்யும் எந்திரங்களைச் செய்து கொடுத்தார். கையின் திறமையை எந்திரத்துக்குள் வைப்பது என்ற யோசனை அந்தப் பட்டறையில் உருவம் பெற்றது. கடை ஜன்னலில் தொங்கிய சவால் பூட்டைச் செய்ததும் அவர்தான் என்பார்கள். சீக்கிரமே பட்டறை மேஸ்திரி ஆனார்.

பாஸ்கல் சொன்னதும், பட்டறை செய்ததும்

1795-இல் வந்தது நம்ம பாடப்புத்தகத்து பிரஸ். பாஸ்கல் விதி 17-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். கணக்கு சுலபம்: சின்ன பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியது 100 சதுர செ.மீ. என்றால், இந்தப் பக்கம் 10 கிலோ எடை வைத்தால் அந்தப் பக்கம் 1000 கிலோ தூக்கும். பதிலுக்கு, அங்கே 1 செ.மீ. உயர இங்கே 100 செ.மீ. தள்ளணும். இலவசமா எதுவும் கிடையாது.

அப்புறம் ஏன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் செய்யவில்லை? கசிவு! அந்த அழுத்தத்தில் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். ஒழுகாமல் இருக்கச் சுற்றிலும் இறுக்கி அடைத்தால், அப்போது பிஸ்டனே நகராது. அழுத்தத்தை எடுத்த பிறகும் கீழே இறங்காது. இறுக்கினாலும் தப்பு, தளர்த்தினாலும் தப்பு.

இதற்குக் கிடைத்த விடை ஒரு தோல் வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ப வடிவில் இருக்கும். தண்ணீர் அதன் வாய்க்குள் புகுந்து உதடுகளை விரித்து, ஒரு உதட்டைப் பிஸ்டன் மேலும் இன்னொன்றைச் சிலிண்டர் மேலும் அழுத்தும். அழுத்தம் கூடக் கூட வளையமும் இறுகும். அழுத்தத்தை விட்டால் தானாகத் தளரும், பிஸ்டன் வழுக்கி இறங்கும். ஒழுகப் பார்க்கிற தண்ணீரையே காவல்காரனாக்கிய வித்தை. இன்றைய ஜேசிபி சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் சீல் வரைக்கும் இதே தத்துவம்தான்.

அந்தத் தோல் வளையத்தை யோசித்தவர் யார்? மாட்ஸ்லேவோடு பின்னாளில் வேலை செய்தவர்கள் அவரையே கை காட்டினார்கள். எந்திர வரலாற்றை எழுதியவர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். பிரஸ்ஸுக்கு நின்ற பெயர் பிராமா.

வாரம் 30 ஷில்லிங்

1797. மாட்ஸ்லேவுக்குக் கல்யாணமாகி, குடும்பம் பெருகியிருந்தது. மேஸ்திரியான அவர் சம்பளம் வாரம் 30 ஷில்லிங். கூட்டிக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கினி 21 ஷில்லிங். ஜன்னலில் தொங்கிய 200 கினி பரிசு 4200 ஷில்லிங் ஆகுது. பூட்டை உடைக்கிற யாரோ ஒருவருக்கு வைத்த தொகை, பூட்டைச் செய்த ஆளோட 140 வாரச் சம்பளம்!

மாட்ஸ்லே வெளியேறிச் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டார். அங்கே உருவான திருகு வெட்டும் லேத், போர்ட்ஸ்மத் கப்பல் துறைக்காகச் செய்த கப்பி எந்திரங்கள் இவையெல்லாம் உலக எந்திரத் தொழிலையே மாற்றின. நாஸ்மித், விட்வொர்த் போன்ற அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் அவரிடம் தொழில் பழகியவர்கள். பிராமா இழந்தது ஒரு மேஸ்திரியை அல்ல, ஒரு பரம்பரையை.

இதுக்காகப் பிராமாவை வில்லனாக்கிடாதீங்க. அவர் கை அதுக்கப்புறமும் ஓயவில்லை. நிலவறைப் பீப்பாயிலிருந்து மதுக்கடை மேசைக்குப் பானம் ஏற்றும் பம்பு, உல்விச்சில் மரம் இழைக்கும் பெரிய எந்திரம், இங்கிலாந்து வங்கிக்கு 1806-இல் நோட்டுகளில் வரிசை எண் அச்சிடும் எந்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார். 1812-இல் இன்னும் பெரிய யோசனை: நகரத் தெருக்களில் அதிக அழுத்தக் குழாய் பதித்து, தீ அணைக்கவும் எந்திரம் ஓட்டவும் தண்ணீர் கொடுப்பது. அவர் காலத்தில் அது நடக்கவில்லை. அதே நூற்றாண்டின் கடைசியில் லண்டன் தெருக்களுக்குக் கீழே அப்படி அழுத்த நீர்க் குழாய்கள் ஓடி, லிஃப்டுகளையும் பளுதூக்கிகளையும் இயக்கின.

1814-இல் ஹாம்ப்‌ஷயரில் ஒரு காட்டில், தன் ஹைட்ராலிக் எந்திரத்தால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குளிர் தாக்கியது. அது நுரையீரல் காய்ச்சலாக மாறி, டிசம்பர் 9 அன்று இறந்தார். வயது 66.

அவர் பிரஸ் அவரைத் தாண்டி வாழ்ந்தது. 1849-இல் வேல்ஸில் பிரிட்டானியா பாலத்தின் ராட்சத இரும்புக் குழாய்களை ஹைட்ராலிக் பிரஸ்கள்தான் மேலே தூக்கின. 1877-இல் அமெரிக்காவில் வில்கர்சன் என்ற பல் மருத்துவர் ஹைட்ராலிக் முறையில் உயரும் நாற்காலியைக் கொண்டு வந்தார். இப்போது பல நாற்காலிகளில் மின்மோட்டார் வந்துவிட்டது. ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் சத்தமில்லாமல் உயரும் நாற்காலி இன்னும் பல கிளினிக்குகளில் இருக்கு.

நமக்கு என்ன?

இந்தக் கதையில் இரண்டு விஷயம் எனக்குப் பட்டது. ஒண்ணு: பிராமா புதுத் தத்துவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீர் மூடி கம்மிங்குடையது, அழுத்த விதி பாஸ்கலுடையது. தத்துவத்துக்கும் வேலை செய்கிற பொருளுக்கும் நடுவில் ஒழுகுற இடத்தை அடைத்தார். அதுதான் எஞ்சினியரிங். பல் கிளினிக்குக்குக் குழாய் வரைபடம் போடுறவரும் அதைத்தான் செய்யறார்.

ரெண்டு: பெயரும் கசியும். ஆலன், மாட்ஸ்லே போன்றவர்களின் பெயர் வழியிலேயே ஒழுகிப் போச்சு. நம்ம பாடப்புத்தகம் வரை வந்து சேர்ந்தது பிராமா மட்டும். லேபில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சர்க்யூட்டைச் சரி பண்ணினவன் பெயர் உங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கா? இல்லைன்னா பைண்டிங் போடறதுக்கு முன்னாடி சேர்த்துடுங்க. கான்கிரீட் போட்ட பிறகு குழாயை மாத்துறது கஷ்டம்.

அடுத்த இதழில் இன்னொரு பொறியாளரோடு சந்திப்போம்!