மண்ணுக்குத் தரம் போட்ட மன்றோ

ஊரில் உள்ள நிலத்தின் 'அ' பதிவேட்டை இங்கிருந்தே ஆன்லைனில் எடுத்துப் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சர்வே எண்ணைச் சரிபார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதிலேயே 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்', 'தீர்வை' என்று சில கட்டங்கள் இருக்கும், யாரும் கண்டுக்கறதில்லை. இந்தக் கணக்கின் ஆரம்ப காலத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நிற்கிறார். பெயர் தாமஸ் மன்றோ.

1761ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனது. 1779ல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்குக் கப்பல் ஏறினார். ஒரு வகையில் நம்மைப் போலத்தான், பிழைக்கப் போன ஆள். 1792ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும், கேப்டன் ரீடின் கீழ் அங்கே வரி வசூல் வேலை. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவானது.

1800ல் கடப்பா, பெல்லாரிப் பகுதிக்குக் கலெக்டர். அங்கே வயல் வயலாக அளந்தார்கள். பின்னாலேயே தரம் போடுகிறவர்கள் வந்து, மணியக்காரர், கர்ணம் முன்னிலையில் மண்ணை வகை பிரித்தார்கள். ஆனால் ஜில்லாவுக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்பது மேலே முடிவாகிவிடும். அந்தத் தொகையைக் கிராமத்துக்கும் வயலுக்கும் பங்கு போடத்தான் இந்தத் தரம்.

நல்ல தரம் என்றால் நிலத்துக்கு நல்ல விலை என்றுதானே நினைப்போம்? அப்போது கதையே வேறு. விளைச்சலில் ஏறக்குறைய 45 சதவீதம் தீர்வைக்கே போனது. மண்ணுக்கு ஒரு படி கூடுதலாகத் தரம் விழுந்துவிட்டால் விவசாயி கையில் மிச்சமே இருக்காது. மிச்சம் இல்லாத நிலத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்? (இன்றைக்குத் தீர்வை சொற்பம். அதனால் விலை பேசும்போது ரோடு எவ்வளவு தூரம்னுதான் கேட்கறாங்க, தரத்தை யாரும் கேட்கறதில்லை.)

மன்றோவுக்கு இது புரிந்தது. தீர்வையை 25 சதவீதம் குறைக்கணும், அப்போதுதான் நிலம் விற்கக்கூடிய சொத்தாகும் என்று 1807ல் எழுதினார். கம்பெனி கேட்கவில்லை. கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். அது சரிவராமல் போனது. 1820ல் அவரே சென்னை கவர்னராக வந்தபின் ரயத்துவாரி திரும்பியது, தீர்வையும் குறைந்தது. அவரை வள்ளலாக்க வேண்டாம். வசூல் நிற்காமல் வரணும் என்பதும் அவர் கணக்கில் இருந்தது.

ஊர் திரும்பும் முன் பழைய ஜில்லாவை ஒருமுறை பார்க்கப் போனார். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்தார். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள்.