பல் இடுக்கில் ஓர் உலகைக் கண்டவர்

1683ஆம் ஆண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஒரு துணி வணிகர் தம் பற்களைப் பற்றிப் பெருமைப்படக் காரணம் இருந்தது. அப்போது அவருக்கு வயது 50. தினமும் காலையில் உப்பால் பல் தேய்த்து, தண்ணீரால் வாய் கொப்பளிப்பார். சாப்பிட்ட பிறகு பல்குச்சியால் கடைவாய்ப் பற்களைச் சுத்தம் செய்து, துணியாலும் துடைப்பார். உப்பை அழுத்தித் தேய்த்தாலும் அவருடைய ஈறுகளில் இரத்தம் வராது.

இவ்வளவு செய்த பிறகும், உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது சில பற்களின் இடுக்கில் கரைத்த மாவைப்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் துப்பிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அதைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தார். அவர்தான் ஆண்டனி வான் லீவன்ஹூக்.

அவர் 1632ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி டெல்ஃப்ட்டில் பிறந்தார். தந்தை கூடை முடைபவர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். லீவன்ஹூக் பல்கலைக்கழகத்தின் பக்கமே போனதில்லை. 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வியாபாரம் கற்றுக்கொண்டார். 1654ஆம் ஆண்டு ஊர் திரும்பி, சொந்தமாகக் கடை வைத்தார். பின்னர் நகர நிர்வாகத்திலும் ஒரு சிறு பதவி கிடைத்தது.

துணியின் நெசவைச் சோதிக்க வணிகர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை லீவன்ஹூக் எங்கோ கொண்டுபோய்விட்டார். கடுகு போன்ற சிறு கண்ணாடி வில்லைகளைத் தாமே செய்து, உலோகத் தகடுகளுக்கு நடுவில் பொருத்தினார். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்த நுண்ணோக்கிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

அன்றைய அறிஞர்களின் மொழி லத்தீன். அவருக்கு அது தெரியாது. தாம் கண்டவற்றைத் தம் தாய்மொழியான டச்சு மொழியிலேயே கடிதமாக எழுதி, 1673ஆம் ஆண்டு முதல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பி வந்தார். நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக 1676ஆம் ஆண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை. அவர் சண்டைக்குப் போகவில்லை. ஊர்ப் பெரியவர்களை அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, அவர்களின் சாட்சியத்தை அனுப்பிவைத்தார். 1677ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் லண்டனில் அதே சோதனையைச் செய்து, டெல்ஃப்ட்காரர் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார். 1680ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

மீண்டும் அந்தப் பல் இடுக்குக்கு வருவோம். சுரண்டி எடுத்ததை மழைநீரில் கலந்து பார்த்தார் லீவன்ஹூக். அதற்குள் பல வடிவங்களில் எண்ணற்ற உயிர்கள் அசைந்தன. சில அம்புபோல் பாய்ந்தன. சில பம்பரம்போல் சுழன்றன. தம் நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிடத் தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை அதிகம் என்று அவர் கணித்தார். 1683ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதியிட்ட கடிதத்தில் இதை லண்டனுக்குத் தெரிவித்தார். மனித வாயில் வாழும் பாக்டீரியாக்களை முதன்முதலில் பார்த்து எழுதியவர் அவரே.

தம் வாயோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தினமும் பல் சுத்தம் செய்யும் பெண்களிடமும் ஒரு சிறுவனிடமும் பார்த்தார். வாழ்நாளில் வாயைச் சுத்தம் செய்ததே இல்லை என்று சொன்ன ஒரு முதியவரைத் தேடிப்பிடித்து அவரிடமும் பார்த்தார். முதியவரின் பல் அழுக்கைக் கலந்த நீர் முழுவதும் உயிரோடு நெளிவதுபோல் தெரிந்தது.

பிறகு அவர் செய்த சோதனைதான் நமக்கு மிகவும் முக்கியம். கடும் புளிப்புள்ள திராட்சைக் காடியை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, இடுக்கில் இருந்ததை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். உயிர்கள் சாகவில்லை. அதே காடியை வெளியே எடுத்த அழுக்கில் கலந்தபோது மட்டும் அவை உடனே மடிந்தன. காடி மேலோட்டமாக இருந்தவற்றைத்தான் கொன்றது, இடுக்கில் திரண்டிருந்த படலத்தின் உள்ளே அது நுழையவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் இன்னொன்றைக் கவனித்தார். சுடச்சுடக் காப்பி குடித்து வந்த காலத்தில், முன்பற்களில் இருந்த உயிர்கள் அசைவற்றுக் கிடந்தன. சூடு எட்டாத கடைவாய்ப் பற்களிலோ அவை உயிரோடு இருந்தன. எளிதில் எட்டாத இடமே கிருமிகளுக்குப் பாதுகாப்பான வீடு.

இந்த உயிர்கள்தான் பல்லையும் ஈறையும் கெடுக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. அது தெரிய இன்னும் 200 ஆண்டுகள் ஆயின. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வாய்க் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது என்பதை பெர்லினில் பணியாற்றிய வில்லபி மில்லர் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். 1965ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது.

தேர்வு நெருங்கும்போது நம்மில் பலர் பல் துலக்கும் நேரத்தைத்தான் முதலில் குறைக்கிறோம். வாய் கொப்பளிக்கும் திரவத்தால் அதை ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். காடிச் சோதனையை நினைத்துப் பாருங்கள். இடுக்கில் ஒட்டியிருக்கும் படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, மென்மையாகத் தேய்க்க வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்குச் சிறிய தலை உள்ள பிரஷ் உதவும். பற்களின் நடுவே நாளுக்கு ஒருமுறை ஃபிளாஸ் நூலைச் செலுத்தி, பல்லை அணைத்தபடி வளைத்து, ஈறின் ஓரம்வரை மெதுவாக மேலும் கீழும் இழுக்க வேண்டும். பல்லில் கம்பி போட்டவர்களும் இடைவெளி அதிகம் உள்ளவர்களும் இடுக்கில் நுழையும் சின்னஞ்சிறு பிரஷ்ஷைப் பயன்படுத்தலாம்.

ஈறில் இரத்தம் வந்தால் பலர் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே படலம் தங்கியிருப்பதன் அறிகுறியே அது. மென்மையாகத் தொடர்ந்து சுத்தம் செய்தால் குறையும். ஓரிரு வாரங்களில் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கல்லாக இறுகிவிட்ட படலத்தை வீட்டில் அகற்ற முடியாது. மருத்துவர்தான் அகற்ற வேண்டும்.

லீவன்ஹூக் 1723ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி, 90 வயதில் காலமானார். கடைசி ஆண்டுவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ரஷ்யப் பேரரசர் பீட்டரும் அவருடைய நுண்ணோக்கியில் பார்த்து வியந்திருக்கிறார். அத்தனை புகழ் பெற்றவர், தம் வாய் முழுச் சுத்தமாக இல்லை என்பதை ஊரறிய எழுதத் தயங்கவில்லை. இன்றிரவு பிரஷ்ஷைக் கீழே வைத்ததும், நாமும் ஒருமுறை கண்ணாடி முன் நின்று அந்தக் கடைசிப் பல்வரை பார்க்கலாம்.