சர் மார்க் கப்பன்

பெங்களூர்க் கப்பன் பூங்காவில் வெண்கலக் குதிரைமீது வீற்றிருக்கும் சர் மார்க் கப்பன், ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் பிறந்தவர். 1800-ஆம் ஆண்டு சென்னைப் படையில் சேர்ந்தார். 1834 முதல் 1861 வரை மைசூர் ஆணையராய் விளங்கினார். சாலைகள் பல சமைத்தார்; அலுவலகங்களில் மராத்தியை நீக்கிக் கன்னடத்தை அமர்த்தினார். ஜோலார்ப்பேட்டை இருப்புப்பாதை வேலையும் அன்னார் காலத்திலேயே தொடங்கிற்று. அறுபதாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்புகையில், வழியில் சூயஸில் உயிர் நீத்தார். 1864-இல் ஓடிய முதல் வண்டியை அவர் காணவில்லை. 1866-இல் நிறுவப்பெற்ற சிலையும் 2020-இல் உயர்நீதிமன்றத்தின் முன்னின்று பூங்காவின் உட்புறத்திற்கு மாற்றப்பெற்றது. அவர் ஆள வந்தவர். அப்பாதை வழியே நாம் ஊழியத்திற்கு வந்தோம். ஆள வந்தவரே இம்மண்ணின் மொழியைப் போற்றினாரெனில், வாழ வந்த நாமும் போற்றுதல் கடனன்றோ!